ஆறாம் வீட்டுத் தையல்காரர்

மகள் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்கு, ஐந்தாம் வீட்டுக் கொத்தனார் எழுதிக்கொள்வது.

இதை எழுதுவது நான்தான். மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, சொல்லச் சொல்ல எழுதவைத்தது இல்லை. சந்தேகமாக இருந்தால் மகளிடம் காட்டு. இவ்வளவு கோணலாக மருந்துக்கடைக்காரர் எழுதுவாரா என்று அவளே சொல்லட்டும். ஒவ்வொரு எழுத்தும் செங்கல் அளவு இருக்கிறது, அதனால்தான் இத்தனை தாள். தபால் நிலையத்தில் எடை பார்த்துத் திட்டினால் திட்டட்டும்.

கடிதம் தொடங்கும்போது நலம் என்று எழுத வேண்டுமாம். எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். கோபத்தில்தான் எழுத்தே கற்றுக்கொண்டேன். போனில் சொல்லலாம் என்றால் நீ வருவதில்லை. கூப்பிடும்போதெல்லாம் மகள் எடுத்து, அம்மா குளிக்கிறாங்க என்கிறாள். ஒரு மனுஷி நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்?

நீ புறப்பட்ட அன்று வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு மறக்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தந்தி வேலை பார்த்து எனக்கு வாய் தேஞ்சு போச்சு. நீங்களும் எங்கண்ணனும் நேருக்கு நேர் நின்னு பேசினீங்கன்னு தெரிஞ்சா வர்றேன். அதுவரைக்கும் என்னைத் தேடாதீங்க." தெருவே கேட்கும்படி சொன்னாய். ஆறாம் வீட்டுச் சன்னலில் உன் அண்ணன் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை போகிறாளே என்று வெளியே வந்தானா? வரவில்லை. வந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

நீ எப்போதும் அவன் பக்கம் சாய்கிறவள். அதனால் நடந்ததை மறுபடியும் எழுதிவைக்கிறேன். எழுத்தில் இருந்தால் யாரும் மாற்ற முடியாது. மகள் கல்யாணத்துக்கு எனக்குச் சட்டை தைத்தவன் அவன். அளவெடுத்தது அவன், வெட்டியது அவன், தைத்தது அவன். சம்பந்திக்கு நாற்காலி இழுத்துப் போட நான் குனிந்தபோது வயிற்றுப் பொத்தான் தெறித்துச் சம்பந்தியின் டீயில் போய் விழுந்தது. அவன் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு என்னுடையது மாப்ளே என்று சொல்லியிருக்க வேண்டும். அவனோ எல்லாரும் கேட்க, "சட்டை சரியாத்தான் இருக்கு. வயிறுதான் தப்பு. நான் அளவெடுத்த அன்னைக்கு இந்த வயிறு இல்ல" என்றான். சம்பந்தி சிரித்து மூச்சுத் திணறினார். அந்தப் பொத்தானை நான் இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து அவன் எனக்கு மச்சான் இல்லை. ஆறாம் வீட்டுத் தையல்காரன், அவ்வளவுதான்.

இப்போது பலகை விஷயத்துக்கு வருகிறேன்.

தெரு முனையில், தண்ணீர் மோட்டார் அறையின் சுவரில் இருக்கிறதே, அந்தப் பலகை. பேர்தான் பலகை. நான் சிமெண்ட் பூசிக் கறுப்புச் சாயம் அடித்த சுவர்த் துண்டு அது. தெருவில் யாராவது இறந்தால் மட்டும் அதில் எழுத்து ஏறும். மேலே பெரிதாக வீட்டு எண்ணும் தொழிலும். அதன் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எடுக்கும் நேரம். கையெழுத்து அழகு என்று அந்த வேலையை உன் அண்ணனிடம் கொடுத்திருந்தார்கள். மற்ற நாளெல்லாம் பலகை காலி. யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருக்கும்வரை நல்லது என்றுதான் எல்லாரும் அதைக் கடந்துபோவார்கள்.

நீ போன பிறகு உன் அண்ணனுக்கு என்னிடம் சொல்ல ஏதோ இருந்தது. சொல்லி அனுப்ப நீ இல்லை. போய்ப் பலகையில் எழுதிவிட்டான். காலையில் டீ குடிக்கப் போகிறேன், தெருவே என்னைப் பார்த்து வாயைப் பொத்துகிறது. பலகையில் என்ன என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். ஏதோ தண்ணி விஷயம் பெரியவரே என்று சொல்லி, ஆற்றிய டீயையே மறுபடி ஆற்றினார். மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். உங்களை நலம் விசாரிச்சிருக்கார் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் வீட்டுக் காவலாளியைக் கேட்டேன். அவர் படித்துக் காட்டியதில் இருந்த வசவெல்லாம் உன் அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. அது காவலாளி என் மேல் வெகுநாளாக வைத்திருந்த சொந்த ஆத்திரம், சந்தர்ப்பம் பார்த்து இறக்கிவிட்டார்.

யோசித்துப் பார். சுவர் என்னுடையது, பூச்சு என்னுடையது, திட்டும் எனக்குத்தான். என்ன திட்டு என்று எனக்கு மட்டும் தெரியாது.

ஒன்பதாம் வீட்டு மாடியில் இருக்கும் நடத்துனரம்மாவிடம் போனேன். பேருந்தில் கூட்டத்தை அதட்டி அதட்டி அவருக்குக் குரல் தகரம் மாதிரி ஆகிவிட்டது. "படிச்சுச் சொல்ல மாட்டேன். வேணும்னா படிக்கச் சொல்லித்தர்றேன். நாளைக்கு அவர் வேற ஏதாவது எழுதுவார். அதுக்கும் என் கதவைத் தட்டுவீங்களா?" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. பணி முடித்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் பலகை முன் என்னை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். ஒரு எழுத்தில் நான் நின்றுவிட்டால், "நடுவுல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று அதட்டுவார்.

மற்றவர்கள் அம்மா, ஆடு என்று தொடங்குவார்களாம். நான் படித்த முதல் சொல் கொத்தனார். இரண்டாவது சொல் முரடர். முழுதாகப் படித்து முடித்த அன்று எனக்குக் கோபம் வந்ததா, சந்தோஷம் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. "கொத்தனார் ஒரு முரடர். மாடிக் குழாயை மூடத் தெரியாதவர். தைத்து வைத்த துணியெல்லாம் நனைகிறது." இவ்வளவுதான். சத்தமாகப் படித்தேன். திரும்பவும் படித்தேன். போகிறவர் வருகிறவரை நிறுத்திப் படித்துக் காட்டினேன். என்னைத் திட்டியதை நானே படிக்கிறேன், கேளுங்கள் என்றேன்.

பிறகு சாக்கட்டியை வாங்கி, அவன் எழுதியதன் கீழே என் முதல் சொல்லை எழுதினேன். பொய். சின்னச் சொல்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். அதற்கே ஒரு காலை முழுதும் போய்விட்டது, இரண்டு சாக்கட்டி உடைந்தது. கரண்டி பிடித்த கைக்குச் சாக்கட்டி பிடிக்கும் பக்குவம் இன்னும் வரவில்லை.

மாடிக் குழாயை மூடிவிட்டேன். அவனுக்காக இல்லை. தண்ணீர் வீணாகிறது.

அங்கே அதிகமாகக் குளிக்காதே, சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
இனி எங்கேயும் கைநாட்டு வைக்க மாட்டாத உன் கணவன்.


என் மனைவிக்கு, மறுபடியும் நானே.

உன் அட்டை வந்தது. ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக விட்டுவிட்டு ஒரே வரி எழுதியிருக்கிறாய். "எழுத்து நன்றாக வந்திருக்கிறது. நேரில் பேசினீர்களா?" முதல் பாதியைப் பலபேரிடம் காட்டினேன். இரண்டாம் பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

பேசவில்லை. பேசவும் மாட்டேன். இப்போது அதற்கு அவசியமும் இல்லை. சொல்ல வேண்டியதைப் பலகையில் சொல்லிக்கொள்கிறோம். அவன் சாயங்காலம் எழுதுகிறான், நான் காலையில் எழுதுகிறேன். பொய் என்று நான் எழுதியதற்கு, எழுத்தைப் பார்த்தால் எழுதியவர் சுவர் பூசும் கரண்டியால் எழுதியிருப்பார் போலிருக்கிறது என்று பதில் வந்தது. அன்று பகல் முழுதும் யோசித்து, மறுநாள் நான் எழுதினேன்: கரண்டியால் கட்டிய வீட்டில்தான் தையல்காரர் குடியிருக்கிறார், பிடிக்காவிட்டால் ஊசியால் ஒரு வீடு கட்டிக்கொள்ளட்டும். டீக்கடையில் அன்று எனக்கு டீ இலவசம். ஒருவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவன் எழுத்து அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் வரி மேலே ஏறிக்கொண்டே போகும். என் வரி ஏறாது, இறங்காது. தொழில் தெரிந்தவன் நான், இரண்டு ஆணி அடித்து நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அதைப் பார்க்கவே ஆள் கூடுகிறது.

அங்கேதான் வினை வந்தது. எங்கள் சண்டையைப் படிக்கத் தெரு முழுக்க வருகிறது என்றதும் மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. முதலில் மருந்துக்கடைக்காரர். எங்கள் இரண்டு பேரின் எழுத்துக்கும் நடுவில், பெரியவர்கள் மன்னிக்கவும், நாளை தண்ணீர் வராது என்று எழுதிவைத்தார். சண்டையைப் படிக்க வந்தவர்கள் அதையும் படித்தார்கள். எல்லாரும் குடத்தை நிரப்பிவைத்துக்கொண்டார்கள். முன்பு இதெல்லாம் நீ வீடு வீடாகப் போய்ச் சொன்னால்தான் உண்டு. நீ போன பிறகு தண்ணீர் நிற்பது தண்ணீர் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

பிறகு காவலாளி எழுதினார். இரவு முழுக்க விழித்துவிட்டுப் பகலில் தூங்குகிறேன், என் வாசலில் பந்து உதைக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் கவனிக்கவும் என்று. அதற்குக் கீழே ஒரு தாய், வாசல் உங்களுடையது, தெரு எல்லாருடையது என்று எழுதினாள். இரண்டு பேரும் அதற்கு முன்பு ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. மறுநாள் பலகை முன்னாலேயே நேரில் சண்டை போட்டார்கள். அதற்கு மறுநாள் காவலாளி அந்த வீட்டுப் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். என்ன மனிதர்கள், ஒரு சண்டையைக்கூட ஒழுங்காகக் கட்டிக்காக்கத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வீட்டுக்கு ஒரு பெண் வந்து குடியிருக்கிறாளே, கைக்குழந்தைக்காரி. யார், எங்கே வேலை என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவள் மூலையில் சின்னதாக எழுதியிருந்தாள்: நான் குளித்துவிட்டு வரும்வரை குழந்தையை வைத்திருக்க யாராவது வருவீர்களா? கதவைத் தட்டியவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி நடத்துனரம்மா, காலணியோடு.

எல்லாம் சரி, என் இடம் எங்கே? சாவி தொலைந்தது, அறை வாடகைக்கு, பூனை கண்டுபிடிக்கப்பட்டது, பூனையைத் திரும்ப எடுத்துக்கொள்ள விருப்பமில்லை என்று ஆளாளுக்கு அடைத்துவைக்கிறார்கள். நானும் உன் அண்ணனும் முதுகு வளைத்துக் கீழே குனிந்து எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் பலகையை ஆரம்பித்தவர்கள் நாங்கள். எங்கள் சண்டை இல்லாவிட்டால் யார் வந்து படித்திருப்பார்கள்? அந்த நன்றி ஒருவருக்கும் இல்லை. இதில் மட்டும் அவனும் நானும் ஒரே கட்சி. அவன் எழுதியிருந்தான்: முன்னோடிகளுக்கு இடம் விடவும். நான் அதை அழிக்கவில்லை.

இன்னொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் முன்னைப்போல் இல்லை. காலையில் கொஞ்சம் ஓடுகிறது, நின்றுவிடுகிறது. சோம்பேறி ஆகிவிட்டான். எனக்கு நல்லதுதான், தூக்கம் வருகிறது. நீ இங்கே இருந்தபோது தினமும் காலையில் அவன் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாயே, அங்கே என்ன செய்வாய்? கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இப்போது எழுதத் தெரிந்ததால் கேட்கிறேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். உனக்கு ஆசி கிடையாது, வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன், பலகையின் சொந்தக்காரன்.


வீட்டுக்காரிக்கு,

பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று இப்போது எனக்குப் புத்தி வந்திருக்கிறது. ஏன் வந்தது என்று படித்தால் தெரியும்.

உன் அண்ணன் வீட்டு மிஷின் சத்தம் ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டது. மறுநாளும் இல்லை. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் அவன் ஜெயித்தவன் ஆகிவிடுவான். அதனால் பலகைக்குப் போனேன். மழை பெய்து பலகை சுத்தமாக இருந்தது. முழுச் சுவரும் எனக்கே. ஆறாம் வீட்டுத் தையல்காரர் தொழிலை விட்டுவிட்டாரா, சத்தமில்லாமல் சுகமாகத் தூங்குகிறேன் என்று எழுதுவதாகத் திட்டம். இடம் நிறைய இருந்ததால் மேலே, பெரிய எழுத்தில் ஆரம்பித்தேன். ஆறாம் வீட்டுத் தையல்காரர் என்று எழுதி முடித்ததும், தலைப்பு மாதிரி இருக்கட்டுமே என்று நூல் பிடித்து அடியில் ஒரு கோடு இழுத்தேன். கோடு அவ்வளவு நேர்த்தியாக வந்தது. அத்தோடு சாக்கட்டி தீர்ந்துபோனது.

வாங்கி வரலாம் என்று கடைத்தெருவுக்குப் போனேன். இப்போதெல்லாம் படிக்காமல் என்னால் நடக்க முடிவதில்லை. சலவை நிலையம். சாவி செய்து தரப்படும். இங்கே துப்பாதீர். உள்ளே வர வேறு வழி. இத்தனை நாள் இந்தச் சுவர்களெல்லாம் என்னிடம் பேசிக்கொண்டிருந்தன, நான்தான் காது கேளாதவன் மாதிரிப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக நின்று படித்தேன். சாக்கட்டிப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததையும் விடவில்லை. ஒரு டீயும் குடித்தேன்.

திரும்பி வந்தால் பலகை முன் ஒருவரும் இல்லை. தெரு முழுக்க ஆறாம் வீட்டு வாசலில் நிற்கிறது. டீக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறார். பன்னிரண்டாம் வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுகிறாள். அவள் உன் அண்ணனைப் பார்த்ததே இல்லை. காவலாளி பனியனோடு தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க பெரியவரே. உங்க மச்சான் போயிட்டார்" என்றார்.

நான் எழுதிய அழகைப் பார்த்தாயா? மேலே வீட்டு எண்ணும் தொழிலும். அடியில் கோடு. கீழே நேரம் இன்னும் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வழக்கமாக எழுதுகிறவன் உன் அண்ணன். அவன் எழுதவில்லை, நான் எழுதியிருக்கிறேன். அவன் செத்தால் வேறு யார் எழுதுவார்கள், சண்டைக்காரனே வந்து எழுதிவிட்டான் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்களாம். கதவைத் தட்டியும் திறக்காததால் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

எழுதியவன் நான். பலகையில் இருப்பது பாதிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன பிரயோசனம்? அத்தனை பேர் ஒரே முகமாக நிற்கும்போது என் கையெழுத்தை நானே நம்பிவிட்டேன். மிஷின் சத்தம் நின்று போனதும் அப்போதுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. முழங்காலை மறந்து ஓடினேன். சாக்கட்டிப் பெட்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. உன்னிடம் எப்படிச் சொல்வேன், நீ குளிக்கிறாய் என்று மகள் சொல்வாளே, அவளிடம் எப்படிச் சொல்வேன் என்றெல்லாம் மனதில் ஓடியது.

அந்தக் கதவின் நிலையை வைத்தவன் நான். எங்கே தோளைக் கொடுத்தால் தாழ்ப்பாள் விலகும் என்று எனக்குத் தெரியும். மச்சான் என்று கத்திக்கொண்டே இடித்தேன். கதவு போய்ச் சுவரில் மோதியது.

அவன் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் நூல். கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, "துணி நாளைக்குத் தர்றேன்" என்றான். துணி கேட்டுத்தான் இத்தனை பேரும் திரண்டு வந்திருக்கிறார்கள் என்று பயந்து மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறான். பிறகு என்னைப் பார்த்தான். "நீ எதுக்கு வந்த?" என்றான்.

"நீ செத்துட்டேன்னு வந்தேன்."

"யார் சொன்னது?"

"போர்டுல போட்டிருக்கு."

"யார் போட்டது?"

"நான்தான்."

மகள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு இது. நீ கேட்டாய் அல்லவா, அப்படியே எழுதிவிட்டேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எழுந்து, எல்லாரையும் விலக்கிக்கொண்டு பலகைக்கு நடந்தான். தெரு பின்னால் போனது. பலகை முன் நின்று வெகுநேரம் பார்த்தான். தன் சாவை எட்ட நின்று பார்க்க எல்லாருக்கும் கிடைக்குமா?

எழுத்து கோணல், கோடு மட்டும் நேராக இருக்கிறது என்றான். நூல் பிடித்துப் போட்டது என்றேன். யார் யாரெல்லாம் வந்தது என்று திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டான். மருந்துக்கடைக்காரர் மட்டும் வரவில்லை, அதை அவன் மனதில் குறித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பிறகு, "பாதியில விட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்ச? மீதியை எழுது" என்றான்.

யாரோ என் சாக்கட்டிப் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தார்கள். சுகமாகத் தூங்குகிறேன் என்பதை அப்போது எழுத வரவில்லை. கோட்டுக்குக் கீழே, வீட்டு மிஷின் ஏன் ஓடவில்லை என்று மட்டும் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அத்தனை பேரும் நின்றார்கள். நான் மெதுவாக எழுதுகிறவன், உனக்கே தெரியும்.

சாக்கட்டியை அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை. வாயால் சொன்னான், என் பக்கம் திரும்பாமல். "ஊசியில நூல் கோக்க முடியல. கண்ணு பிடிக்கல. அவதான் காலையில வந்து ஒரு நாளைக்கு வேண்டிய ஊசியெல்லாம் கோத்து வெச்சுட்டுப் போவா."

அதை ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "யார்கிட்ட? சுவர்கிட்டயா?" என்றான்.

நீ காலையில் அங்கே போய் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தேன். பதில் எழுத வேண்டாம், தெரிந்துவிட்டது.

நானே கோத்துத் தருகிறேன் என்று வீராப்பாக வாங்கிப் பார்த்தேன். இந்த விரலுக்கு ஊசி எங்கே தெரிகிறது? நானும் அவனும் ஒரே ஊசியை மாற்றி மாற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திட்டிக்கொண்டதைப் பொறுக்க முடியாமல் காவலாளி பிடுங்கி ஒரே தடவையில் கோத்தார். இப்போது அவர் வேலை முடிந்து வரும் வழியில் கோத்துவிட்டுப் போகிறார். அவர் வராத அன்று பன்னிரண்டாம் வீட்டுப் பெண் வருகிறாள், அவள் ஊசி கோக்கும்வரை குழந்தை உன் அண்ணன் மடியில். நடத்துனரம்மா இதையெல்லாம் முறை வைத்துப் பலகையில் எழுதினார். என் கண்ணைப் பற்றி ஊருக்கு அறிவிக்க வேண்டாம் என்று உன் அண்ணன் ஈரத்துணியால் அழித்துவிட்டான். அழித்தும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் இன்னும் துணி கொடுக்கவில்லை.

நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைத்துவிடாதே. இரண்டு நாள் கழித்து என் கதவைத் தட்டினான். தாழ்ப்பாளை உடைத்தாயே, வந்து சரிசெய் என்று சொல்ல வந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்ன மாப்ளே, இப்படி இளைச்சுட்ட? சாப்பிடுறியா இல்லையா?" என்றான். அது உனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றேன். என் பேச்சைக் காதில் வாங்காமல் அலமாரியைத் திறந்து அந்தக் கல்யாணச் சட்டையை எடுத்தான். போட மாட்டேன் என்றேன். போட்டுவிட்டான். வயிற்றருகே இழுக்கவில்லை. பொத்தான் மட்டும் இல்லை. இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் கோத்த ஊசியோடுதான் வந்திருந்தான், திருடன். என்னை நிற்கவைத்தே தைத்தான். பல்லால் நூலைக் கடித்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேன், சட்டை சரியாத்தான் இருக்குன்னு" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. தாழ்ப்பாளைச் சரிசெய்யும்போதும் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

ஆகவே நேருக்கு நேர் நின்று பேசிவிட்டோம். சாட்சிக்கு ஒரு தெருவே இருக்கிறது. நீ தந்தி வேலைக்கு வர வேண்டாம், திட்டுவதை நாங்களே நேரில் திட்டிக்கொள்கிறோம். ஊசி கோக்க வர வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது. தண்ணீர் வராத செய்தி சொல்ல வேண்டாம், பலகை சொல்கிறது. இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா வா.

அந்தச் சட்டையோடுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ வந்த பிறகு வயிறு பழையபடி ஆகிவிடும். அதற்குள் நீ ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்.

பின்குறிப்பு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் பறித்துக்கொண்டு, ஒரு வரி எழுதுவேன் என்று நிற்கிறான் உன் அண்ணன். கீழே அழகாக இருப்பது அவனுடையது. மேலே ஏறிக்கொண்டே போவதைப் பார், நூல் பிடிக்கச் சொன்னால் கேட்பதில்லை.

தங்கச்சி, சட்டை சரியாகத்தான் இருக்கிறது. ஆள்தான் இளைத்துவிட்டார். வா.